காலண்டரில் இல்லாத விரதம்

நீ பட்டினியோடு விமானம் ஓட்டுகிறாய். விரதம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அது விரதம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பத்தில் பிறந்ததால்தான் இத்தனை மாதம் உன்னால் எங்களை ஏய்க்க முடிந்தது. உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நவீன் நேற்று எனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன் மேல் கோபப்படாதே. சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம். நீ உயிரோடு இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை சத்தியத்தை மீறியிருக்கிறான்.

நேற்றிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. அப்பா அடித்தாலும் எடுக்கவில்லை. ஆனால் இன்று காலை நம் குடும்ப வாட்ஸப் குழுவில் கீழ்பென்னாத்தூர்ப் பெரியப்பா போட்ட மலைப் படத்துக்குக் கைகூப்பி அனுப்பியிருக்கிறாய். குழுவைப் பார்க்கிறாய் என்று தெரிந்துவிட்டது. அதனால் இதையும் குழுவிலேயே போடுகிறேன். நீளமாக இருக்கும். உன் பெரியப்பா, அத்தை, சித்தி, சென்னையில் இருக்கிற மாமா பிள்ளைகள் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும். உன் வயிற்றைக் காயப்போட்டதில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது, என்னையும் சேர்த்து. நாளை திங்கட்கிழமை காலை நீ தனியாக இன்னொரு ஊர் விமானத் தளம் வரைக்கும் பறந்து, அங்கே இறங்கி, மறுபடி ஏறித் திரும்பவேண்டும் என்று நவீன் சொன்னான். நீ இருக்கிற பிலிப்பைன்ஸில் நமக்கு முன்னால் விடிந்துவிடும். இங்கே நான் வாசல் தெளிக்கும்போது நீ அங்கே மேலே இருப்பாய். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும்.

நவீன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நடக்கவே இல்லை என்று நீ மழுப்புவதற்கு இடம் கொடுக்கக்கூடாது. "ஆன்ட்டி, பதறாதீங்க, அவன் நல்லாதான் இருக்கான்" என்று ஆரம்பித்தான். நன்றாக இருக்கிறவனைப் பற்றி யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. "வியாழக்கெழம சோலோ போயிருந்தான் ஆன்ட்டி. தனியா. ரன்வேயச் சுத்தி வந்து வந்து எறங்குற பிராக்டிஸ். எறங்க வரும்போது ரன்வேல இன்னொரு பிளேன் நின்னுட்டு இருந்துச்சு. எறங்காத, திரும்ப மேல ஏறுன்னு டவர்லேர்ந்து சொல்றாங்க. இவன் பதிலே பேசல. மறுபடியும் சொல்றாங்க. அப்பவும் பேசல. நாங்கல்லாம் ஷெட்டுலேர்ந்து வெளிய ஓடியாந்து பாக்கறோம். கிட்ட வந்தப்புறம்தான் மேல ஏத்தினான்."

"ஏம்பா பதில் பேசல?"

"காது அடைச்சிக்கிச்சாம் ஆன்ட்டி. கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி இருந்துச்சாம். ஓட்டிட்டு இருக்கோம்ங்கறதே கொஞ்ச நேரம் மறந்து போச்சாம்."

"கடைசியா எப்ப சாப்ட்டான்?"

அவன் பேச்சை மாற்றி மறுபடியும் ரன்வேயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"டேய் நவீன், உன்னதான் கேக்கறேன்."

"மொத நாள் மத்தியானம் ஒரு பன்னு ஆன்ட்டி. அதுலயும் பாதிய எனக்குக் குடுத்துட்டான்."

நான் அப்போது மாடி அறைக்குத் துவைத்த பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அடுத்ததைச் சொன்னான். கீழே இறங்கினதும் உன் பயிற்சியாளர் உன்னைக் கேட்டிருக்கிறார். ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். அதை நம்பி அந்த விமானத்தை ஷெட்டுக்குள் தள்ளி, ரேடியோவைக் கழற்றிச் சோதித்திருக்கிறார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. உனக்குப் பின்னால் பறக்கக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அன்று விமானம் இல்லாமல் போயிற்று. அவர்களும் உன்னைப்போலக் கடன் வாங்கி வந்தவர்கள்தானே? நன்றாக ஓடிய மெஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு உன் காலி வயிற்றை மறைத்துக்கொண்டாய். ஒருநாள் உண்மையிலேயே ரேடியோ கெட்டுப்போனால், போன தடவை மாதிரி இதுவும் ஒன்றுமில்லை என்று அந்த மெக்கானிக் நினைத்தால், அந்த நேரத்தில் மேலே இருக்கப்போவது நவீனாக இருக்கலாம். இதை நீ யோசித்தாயா?

இனி விரதக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் என் முட்டாள்தனம்தான் பெரியது. நீ போன புதிதில் கிருத்திகைக்கு மட்டும் சாப்பிடவில்லை என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பௌர்ணமி. பிறகு பிரதோஷம். பிறகு சனிக்கிழமை. பிறகு நம்ம ஊர்க்காரன் சிவனுக்கு இருக்காமல் எப்படி என்று திங்கட்கிழமை. நானே தினசரிக் காலண்டர் தாளைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். மறந்துவிடப் போகிறாயே என்று. அனுப்பியதோடு நிற்காமல் குழுவிலும் சொன்னேன். பெரியப்பா உடனே உன் போட்டோவுக்கு மேலே கோபுரமும் கீழே விமானமும் வைத்து, "கடல் கடந்தும் விரதம் காக்கும் எங்கள் வீட்டு விமானி" என்று ஸ்டேட்டஸ் போட்டார். அத்தை வீடியோவில் உன்னைப் பார்த்துவிட்டு, "அண்ணி, புள்ள மூஞ்சப் பாத்தீங்களா, இன்னா களை, இன்னா தேஜசு!" என்றாள். கன்னம் ஒட்டிப்போய்த் தாடை எலும்பு தெரிந்ததை நாங்கள் தேஜஸ் என்றோம். கண் குழி விழுந்ததை ஒளி என்றோம். பசியைக் கண்ணால் பார்த்தும் அதற்குச் சாமி பெயரை வைத்துக் கும்பிட்டோம்.

ஒரே ஒரு நாளாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தேய்பிறையில் ஏதோ ஒரு புதன்கிழமை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். "இன்னைக்கு விரதம்மா" என்றாய். போனைப் பிடித்துக்கொண்டே காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. கரிநாள் கூட இல்லை. "என்னடா விரதம் இன்னைக்கு?" என்று கேட்டேன். "இங்க டைம் வேறம்மா, திதி மாறும்" என்றாய். உனக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு மத்தியானத் தூக்கத்தின் நேரம். அதற்குள் திதி எங்கே மாறும்? இருந்தும் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, அத்தையிடம் போய், "அங்க திதியெல்லாம் தனியாப் பாக்கறான்" என்று பெருமை அடித்தேன். இதைப் படிக்கிற எல்லோரும் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்த பிறகு, உங்கள் வீட்டுப் பிள்ளை போனில் எதைக் காட்டுகிறான், எதைக் காட்டாமல் இருக்கிறான் என்றும் ஒருமுறை பாருங்கள்.

நீ முதல் மாதம் பேசியது ஞாபகம் இருக்கிறதா? அன்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை என்னிடம் குதித்துக்கொண்டு சொன்னாய். "மெஷினச் செக் பண்றதுக்கு முன்னாடி நம்மளச் செக் பண்ணணும்மா. உடம்பு சரியா இருக்கா, மாத்திரை போட்டிருக்கோமா, தூங்கினோமா, மனசுல ஏதாவது குடையுதா, சாப்ட்டோமா. இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் ஏறக்கூடாது. நாமளேதான் வாயத் தெறந்து சொல்லணும். யாரும் வந்து வயித்தத் தொட்டுப் பாக்க மாட்டாங்க." நான் சிரித்தேன். "சாப்ட்டியான்னு கேக்கறதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம் பீஸ் கட்டற, நான் இங்கியே கேக்கறனே" என்றேன். நீயும் சிரித்தாய். அந்தப் பாடத்தை என்னிடம் ஒப்பித்தவன் நீதான். இத்தனை மாதமாகத் தினமும் காலையில் விமானத்தின் எண்ணெயை அளந்து, டயரைத் தட்டி, இறக்கையைத் தடவிப் பார்க்கிறாய். பெட்ரோல் குறைந்த விமானத்தில் ஏறமாட்டாய். ஓட்டுகிறவன் காலியாக இருப்பது மட்டும் உன் கணக்கில் வரவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் பறக்க விடாமல் நாட்கள் போயின. நாட்கள் போனால் அறை வாடகை நிற்காது. இரண்டு பாடத்தில் கூடுதல் நேரம் பறக்கவேண்டும் என்றார்கள், அதற்கும் தனியாகக் கட்டவேண்டும். சாப்பாட்டுக்கு என்று நான் அனுப்பியதைப் பறக்கும் நேரமாக மாற்றிக்கொண்டாய். எங்களைக் கேட்கக்கூடாது என்று நினைத்தாய். வங்கிக் கடனும் மாடி வாடகையும் அப்பா ஓட்டும் டூரிஸ்ட் காரும் எந்த அளவுக்கு இழுபடும் என்று உனக்குத் தெரியும். நீ புறப்படும் முன் சென்னையில் அந்த ஏஜெண்ட் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, நம் நாட்டில் படிப்பதைவிடக் கம்மி, கம்மி என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினாரே, அப்போது நான் ஒன்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு எவ்ளோ சார் ஆவும்?" அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பசங்க மேனேஜ் பண்ணிப்பாங்கம்மா" என்றார். அவர் சொன்ன கம்மிக்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. உன் வயிற்றிலிருந்து எடுத்துக் கழித்த கம்மி. காசு இருக்கிறவன் வீட்டுப் பிள்ளை பீஸ் கட்டிப் பைலட் ஆகிறான். நம் வீட்டுப் பிள்ளை சதையைக் கட்டி ஆகவேண்டியிருக்கிறது. இரண்டு பேருக்கும் தோளில் ஒரே பட்டைதான் என்பதால் ஏறிவந்த ஏணியும் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நம் மாடியில் இப்போது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு அம்மா தங்கியிருக்கிறார். ஆசிரமத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். உடம்பைச் சுத்தம் செய்வதற்காகச் சாப்பிடாமல் இருக்கிறார், ஜூஸ் மட்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்கிறார். நல்ல மனுஷி. நேற்று நான் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகன் சாப்பிடவில்லை என்றேன். "அவரும் விரதமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பு இல்லை. அவருக்கு அலுத்துப்போனால் செங்கம் ரோட்டில் இறங்கி முதல் காபிக் கடையில் உட்கார்ந்து கேக் சாப்பிடுவார். அலுத்தால் எழுந்து போகக் கதவு திறந்திருக்கிறவர் பசியாக இருந்து பார்க்கலாம். அங்கிருந்து இங்கே வந்து காசு கொடுத்துப் பட்டினி கிடக்கிறார்கள். இங்கிருந்து அங்கே போய்க் காசு இல்லாமல் நீ பட்டினி கிடக்கிறாய். இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்கிற வாயை என்ன செய்வது?

நீ தங்கியிருக்கும் தெருவுக்கு எதிரில் ஒரு சர்ச் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வந்தாலும் கஞ்சி ஊற்றுகிறார்களாம், கோழி போட்ட அரிசிக் கஞ்சி. நவீனும் மற்றப் பையன்களும் போவார்களாம். "அவன மட்டும் எவ்ளோ கூப்ட்டாலும் வரமாட்டான் ஆன்ட்டி. அந்த வரிசையில நான் நிக்க மாட்டேங்கறான்." நீ கோழி சாப்பிடுகிறவன்; சைவம் என்று காரணம் சொல்லாதே. அந்த வரிசையில் நீ ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ ஏழாவது படித்தபோது ஒரு பௌர்ணமி. பள்ளி விட்டு வரும் வழியில் கிரிவலப் பாதையில் சாம்பார் சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிநேகிதர்களோடு யூனிபார்மிலேயே வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாய். அந்தப் பக்கம் வந்த பெரியப்பா வண்டியை நிறுத்தி, உன் கையிலிருந்த தொன்னையைப் பிடுங்கி ஒரு மாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு, உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். "நம்ம ஊட்டுப் புள்ள கைய நீட்டிக்கினு நிக்குது, நாலு பேரு பாக்கறாங்க" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நீ அன்று வீட்டிலும் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாய். அதற்கு நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ரோசக்காரன்" என்றோம். பெரியப்பா உன் முதுகில் தட்டி, "அப்டிதான் இருக்கணும்" என்றார். சாப்பிட்டதற்குத் திட்டும், சாப்பிடாததற்குப் பாராட்டும் ஒரே சாயங்காலத்தில் வாங்கினாய்.

கீழ்பென்னாத்தூர்ப் பெரியவரே, நீங்களும் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு கார்த்திகைக்கும் நீங்கள்தான் பேனர் கட்டி அன்னதானம் போடுகிறீர்கள். கரண்டி பிடித்து நீங்கள் நிற்கிற போட்டோ இந்தக் குழுவிலேயே இருக்கிறது. கொடுக்கிற பக்கம் நின்றால் புண்ணியம், வாங்குகிற பக்கம் நின்றால் மானக்கேடு. இரண்டு பக்கமும் ஒரே சோறுதான். யாரோ வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதால்தான் உங்களுக்குப் புண்ணியம் வருகிறது. அந்த யாரோவை நம்மைவிடக் கீழே என்று வைத்திருக்கிறோம். அதைத்தான் இவனுக்குக் கற்றுக்கொடுத்தோம். பரதேசியும் சாமியாரும் கை நீட்டினால் வயிறு நிறைகிற ஊர் இது. இந்த ஊரில் வளர்ந்தவன் ஒரு கஞ்சி வரிசையைப் பார்த்துப் பயப்படுகிறான், ஆனால் தலை சுற்றிக்கொண்டு ஆகாயத்தில் ஏறுவதற்குப் பயப்படவில்லை.

இதைக் குழுவில் போடப்போகிறேன் என்று இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். வேங்கிக்காலில் யாரையோ இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"குரூப்ல வேணாம்" என்றார். "எங்கண்ணன் இன்னா நெனைப்பாரு?"

"உங்கண்ணன் நெனைக்கட்டும். நம்ம புள்ள மேலேர்ந்து உழட்டுமா?"

"வாயக் கழுவு. மொதல்ல வாயக் கழுவு."

"கழுவறேன். நாளைக்கு அவன் ஏறாம இருக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க, கழுவறேன்."

கார்ச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் அவருடைய உண்மையான பயம் வெளியே வந்தது. "அவன் போயி மயக்கம் வந்துச்சு, ரேடியோன்னு பொய் சொன்னன்னு சொன்னா, நிறுத்திடுவாங்கடி. டாக்டர் பாக்கணும்பாங்க. திரும்ப மொதல்லேர்ந்து சர்ட்டிபிகேட்டும்பாங்க. அனுப்பிட்டாகூட அனுப்பிடுவாங்க. இவ்ளோ தூரம் வந்து…"

"அனுப்பினா வரட்டும்."

"வந்து?"

"வந்து உக்காந்து சோறு துன்னட்டும்."

அவர் வெளியே போய் ஸ்டார்ட் செய்யாத காரில் உட்கார்ந்துகொண்டார். நான் போகவில்லை. சமையலை முடித்தேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அவன் ரெண்டாவது படிக்கும்போது கார்ல என் மடியில உக்காந்து ஸ்டியரிங் புடிப்பான். பிரேக் எங்கப்பான்னு கேப்பான். அதான் மொதல்ல கேப்பான்" என்றார். பிறகு, "போடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன் அப்பா அவர் அண்ணனை மீறி என்னிடம் போடு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று உனக்குத் தெரியும்.

உன் விமானப் பள்ளிக்கு நானே போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. மெயிலும் போட்டிருக்கிறேன், என் இங்கிலீஷில். நாளை ஆபீஸ் திறந்து யாராவது அதைப் பார்ப்பதற்குள் நீ ஏறியிருப்பாய். நவீனிடம் சொல்லிவிட்டேன்: நீ வாயைத் திறக்காவிட்டால் விமானத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்று அவன் பயிற்சியாளரிடம் சொல்லவேண்டும் என்று. "சரி ஆன்ட்டி" என்றான். அந்தச் சரியை நான் நம்பவில்லை. சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது, கஷ்டத்தை வெளியே சொல்லக்கூடாது, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவனையும் அவன் வீட்டில் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். ஆகவே நான் உன்னைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. இத்தனை மாதம் என்னிடம் பொய் சொன்ன உன்னை.

நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். இப்போதே பயிற்சியாளரைக் கூப்பிடு. அவருடைய சொந்த எண் உன்னிடம் இருக்கிறது. ரேடியோ நன்றாக இருந்தது, எனக்குத்தான் காது அடைத்தது, நான் சாப்பிடாமல் ஏறினேன் என்று சொல். மன்னிப்பைப் பிறகு கேள். உண்மையை முதலில் சொல். அவர் கத்துவார். கத்தட்டும். நாளைக்குப் பறக்காதே என்பார். பறக்காதே. டாக்டரிடம் போ என்பார். போ. இன்னும் எத்தனை வாரம் ஆகும், எவ்வளவு இழுக்கும் என்பதை நானும் அப்பாவும் உட்கார்ந்து யோசிக்கிறோம். அது உன் தலைவலி இல்லை. இழுக்க முடியாமல் போனால் திரும்பி வா. தெருவில் சிரிப்பார்கள். பெரியப்பா ஸ்டேட்டஸை அழித்துவிடுவார். சிரிப்பும் அழிப்பும் ஒரு மாதம் நிற்கும். நான் என்னைச் சமாதானம் செய்துகொள்ள இதைச் சொல்லவில்லை. நீ பைலட் ஆகவேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை அதிகம். விமானச் சத்தம் கேட்டால் இப்போதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறவள் நான். ஆனால் பின்னால் ஒரு நாள் உன்னை நம்பி நூறு பேர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு வருவார்கள். அதில் ஒருத்தியாக நான் இருந்தால், இன்று நீ இருக்கிற நிலையில் உன் விமானத்தில் ஏறமாட்டேன். பெற்றவள் சொல்கிறேன், ஏறமாட்டேன்.

அதற்கு முன்னால், இப்போது, எதிரில் இருக்கிற சர்ச்சுக்குப் போ. இன்று ஞாயிறு. கஞ்சி தீர்ந்திருந்தால் பக்கத்துக் கடையில் வாங்கு; அப்பா கொஞ்சம் முன்னால் நவீனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார், உனக்கு அனுப்பினால் அதையும் பறக்கவிட்டுவிடுவாய் என்று. வரிசையில் நிற்கவேண்டியிருந்தால் நில். கையை நீட்டு. யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

இதை எழுதி முடிக்கும்போதே இன்னொரு போனிலிருந்து உனக்கு வீடியோ கால் போட்டுவிட்டேன். அப்பா பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மணி போகிறது. இத்தனை மாதமாகக் கூப்பிட்டபோதெல்லாம் முகத்தைக் காட்டினாய், ஓடுதளத்தைக் காட்டினாய், இறக்கையைக் காட்டினாய், மேகத்தைக் காட்டினாய். ஒரு தடவையும் கேமராவைக் கீழே திருப்பவில்லை. நாங்களும் திருப்பச் சொல்லவில்லை. இன்று உன் முகம் எனக்கு வேண்டாம். எடு. எடுத்துக் கேமராவைத் திருப்பு.

தட்டைக் காட்டு.